ஐஸ் பெட்டியில் முப்பத்திரண்டு டிகிரி

மலைப்பாம்பை வலையிலிருந்து அறுத்தெடுத்தவள் நான். அதனால் அதைப் பிழைக்கவைக்கிற வேலையும் என் தலையில் விழுந்தது. மற்றபடி வன அலுவலகத்தில் நான் பதிவேடு எழுதுவேன், கம்ப்யூட்டரில் கடிதம் அடிப்பேன், டீ வாங்கிவரச் சொன்னால் முடியாது என்று சொல்வேன். தினக்கூலி. எங்கள் வீட்டிலேயே முதலில் கல்லூரிக்குப் போனவள், விலங்கியல் படித்தவள் என்பதெல்லாம் அங்கே யாருக்கும் நினைவிருக்காது. பாம்பு வந்த அன்றுதான் ரேஞ்சர் ஞானசிகாமணி சாருக்குத் திடீரென்று நினைவு வந்தது.

2008 கார்த்திகைப் பாதி. சுருளிப்பட்டியில் சுந்தரலிங்கம் என்பவரின் திராட்சைத் தோட்டத்தில், பறவை கொத்தாமலிருக்கப் பந்தலைச் சுற்றி நைலான் வலை கட்டியிருந்தார்கள். எலி தேடி வந்த ஏழடி மலைப்பாம்பு அதில் மாட்டிக்கொண்டது. விடுபடுவதற்காக முறுக்கி முறுக்கி நெளிந்ததில் வலைக்கயிறு தோலை அறுத்துச் சதைக்குள் இறங்கியிருந்தது. இருபது பேர் நின்று பார்த்தார்கள். ஒருவரும் கிட்டே வரவில்லை. நான் தரையில் உட்கார்ந்து கத்திரிக்கோலால் ஒவ்வொரு இழையாக வெட்டினேன். இரண்டு இடத்தில் ரத்தம் கசிந்தது. பின்னாலிருந்து ஒருத்தி, "கல்யாணம் ஆகாத புள்ள, இதெல்லாம் தொடலாமா?" என்றாள். "அப்ப நீங்க வந்து பிடிங்க" என்றேன்.

கால்நடை மருத்துவர் மகிமா மேடம் தையல் போட்டார். ஊசி மருந்தைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"இந்தா, தேவயானி. மருந்து பாதிதான். அதோட உடம்பு குளுந்து கெடந்தா மருந்து வேலை செய்யாது, தின்னது செரிக்காது, புண்ணு ஆறாது. பெட்டியில ஒரு பக்கம் முப்பத்திரண்டு டிகிரி, மறுபக்கம் இருபத்தாறு. ஈரம் ஆகவே ஆகாது. இதப் பாத்துக்கிட்டா போதும்."

ரேஞ்சர் சார் ஒரு கெடு வைத்தார். "சென்னைப் பாம்புப் பண்ணைக்கு அனுப்பிரச் சொல்லி மேலிடத்துல சொல்றாக. பொங்கல் வரைக்கும் டைம் கேட்டிருக்கேன். அதுக்குள்ள அது தின்னு, தின்னது செரிக்கணும். இல்லைன்னா ஜீப்புல ஏத்திர வேண்டியதுதான்."

"இந்த நிலைமையில ஏத்துனா அது திண்டுக்கல் தாண்டாது சார்" என்றார் மகிமா மேடம். சார் என்னைப் பார்த்தார். நாற்பத்தைந்து நாள்.

பெட்டிக்கு நான் கம்பம் முழுக்க அலைந்தேன். கண்ணாடித் தொட்டி வாங்க அலுவலகத்தில் வழியில்லை. கடைசியில் பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு ஐஸ்கிரீம் கடைக்காரர் கெட்டுப்போன ஃப்ரீசரைத் தெருவில் தள்ளியிருந்தார். படுக்கை வசத்தில் நீளமானது. குளிரை வெளியே விடாத சுவர் சூட்டையும் வெளியே விடாது. மோட்டாரைக் கழற்றிப் போட்டுவிட்டு, மூடிக்குப் பதிலாக ஒட்டுப்பலகையும் கோழிவலையும் அடித்தேன். வலது கோடியில் அறுபது வாட் பல்பு. பாம்பு சுட்டுக்கொள்ளாமலிருக்க அதன் மேல் ஆணியால் துளை போட்ட பால்பவுடர் டின். கோழிக்குஞ்சு பொரிக்கிற பெட்டியில் வைக்கிற தெர்மோஸ்டாட் ஒன்றை உத்தமபாளையத்தில் வாங்கி மாட்டினேன். இரண்டு கோடியிலும் ஒவ்வொரு தெர்மாமீட்டர். தரையில் காய்ந்த சாக்கு.

பறிமுதல் செய்த தேக்குக் கட்டைகள் கிடக்கிற அறையில் பெட்டியை வைத்தோம். அலுவலகமே வந்து பார்த்துச் சிரித்தது.

வாட்சர் கருத்தக்கண்ணன் அண்ணன்தான் அதிகம் சிரித்தார். "ஏத்தா, ஐஸ் பெட்டியில சூடு போடுறவள இன்னைக்குத்தான் பாக்குறேன். பாம்பு குளுச்சியான சீவன்த்தா. அத வேக வச்சுக் கொழம்பா வைக்கப்போற?"

"அண்ணே, அதுக்குச் சொந்தமாச் சூடு கெடையாது. எங்க சூடு இருக்கோ அங்க நகர்ந்து எடுத்துக்கிரும். போதும்னா எந்திரிச்சு அங்கிட்டுப் போயிரும். நம்ம வேலை ரெண்டையும் வச்சுக் குடுக்குறது மட்டுந்தான்."

"பதினஞ்சு வருசமாக் காட்டுல கெடக்கேன். எனக்குப் பாடம் எடுக்குறா பாரு."

ஆனாலும் ராத்திரிக் காவல் அவர்தான். பல்பை அணைக்கக் கூடாது, பெட்டியைத் திறக்கக் கூடாது என்று இரண்டு கட்டளையைக் காகிதத்தில் பெரிதாக எழுதிக் கதவில் ஒட்டினேன். தலையாட்டினார்.

முதல் பத்து நாள் சரியாகத்தான் போனது. மின்சாரம் தினமும் இரண்டு மணி நேரம் நிற்கும். அந்த நேரத்துக்குச் சுடுதண்ணீரை பிராந்தி பாட்டில்களில் அடைத்துத் துணி சுற்றி வைப்பேன். பாம்பு பெரும்பாலும் டின்னுக்குப் பக்கத்தில் சுருண்டு கிடந்தது. புண்ணின் ஓரம் காய்ந்து வந்தது.

மார்கழி பிறந்தது. எல்லாம் கெட்டது.

காலை எட்டரைக்கு நான் வந்து பார்த்தால் சூடான பக்கத்திலேயே இருபத்திரண்டு டிகிரி. சாக்கு ஈரம். முந்தின நாள் மாலை ஆறு மணிக்கு முப்பத்தொன்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். மறுநாள் இருபத்தொன்று. அதற்கு மறுநாள் மீண்டும் இருபத்திரண்டு, கூடவே எறும்பு. மேகமலையிலிருந்து இறங்குகிற பனி என்றார்கள். கூரை ஒழுகுகிறதென்று ஏணி வைத்து ஏறி ஓடு மாற்றினேன். தெர்மோஸ்டாட் விற்ற கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டேன். அவர் என் முன்னாலேயே அதை மாட்டிக் காட்டினார். ஒழுங்காக வேலை செய்தது. "சாமான்ல குத்தமில்ல பாப்பா, ஒன் பெட்டியிலதான் என்னமோ இருக்கு" என்றார். நான் அவரிடம் மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. அவ்வளவு கோபம்.

ஏழாம் நாள் பாம்பு வாயைச் சற்றே திறந்து தலையைத் தூக்கி வைத்திருந்தது. உதட்டோரம் நுரை. மூச்சு விடும்போது விசில் மாதிரி ஒரு சத்தம். மகிமா மேடத்துக்கு போன் போட்டேன்.

"சளி பிடிச்சிருச்சு" என்றார். "ஈரத்துல குளுரப் போட்டு வச்சிருக்கீங்களா? நான் என்ன சொன்னேன்?"

"நான் வைக்கல மேடம்."

"அப்ப வேற யாரோ வைக்கிறாக. கண்டுபிடி. இப்படியே இன்னொரு வாரம் போனா பொங்கலும் வேணாம், ஜீப்பும் வேணாம்."

சாக்கை எடுத்து மோந்து பார்த்தேன். புளித்த பால் வாசம். வெளிச்சத்தில் பிடித்தால் மஞ்சள் கறை.

மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு சைக்கிளை மிதித்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் வாசல் தெளிக்கிறவர்கள், கோயில் ஒலிபெருக்கி. தேக்குக்கட்டை அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே பல்பு எரியவில்லை. அகல் விளக்கு ஒன்று எரிந்தது. கருத்தக்கண்ணன் அண்ணன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பயபக்தியாக மூடியைத் தூக்கிப் பிடித்திருந்தார். பெட்டிக்கு முன்னால் ஈரத் தலையோடு ஒரு பெண் சொம்பைச் சாய்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் அம்மா. சோணையம்மாள்.

மார்கழி பிறந்ததிலிருந்து "கோயிலுக்குப் போயிட்டு அப்படியே மண்டிக்குப் போறேன்" என்று நாலரைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள். வாழைக்காய் மண்டியில் தார் பிரித்து அடுக்குவது அவள் வேலை.

"நிறுத்து!" என்று நான் கத்தியதில் அண்ணன் மூடியைத் தன் கை மேலேயே போட்டுக்கொண்டார்.

அம்மா திரும்பினாள். பயப்படவில்லை. "எதுக்குடி கத்துற? சாமி முன்னாடி."

"இதுவா சாமி? இது மலைப்பாம்பு. நீ கும்பிடுற நாகமே இல்ல."

"பாம்புன்னா பாம்புதான். நீ அது ஒடம்புல கத்திரிக்கோல் வச்சவ. ரத்தம் வந்துச்சா, இல்லையா? ஊரே பாத்துச்சு. நாளைக்கு ஒனக்கு ஒரு நல்லது நடக்க வேணாமா? அதான் மஞ்சளும் பாலும் கலந்து குளுர ஊத்துறேன். மனசு குளுந்து போயிட்டா ஒன்னய விட்டுரும்."

"எனக்கு நல்லது நடக்க அது ஜன்னி வந்து சாகணுமா?" பிறகு அண்ணனைப் பார்த்தேன். "பல்ப யாரு அணைச்சது?"

அவர் கையை உதறிக்கொண்டே, "மார்கழி பொறந்ததுலருந்து பத்து மணிக்கு அமத்திருவேன்த்தா. நீ வர்றதுக்கு முன்னாடி போட்டுருவேன். ராத்திரி பூராம் வெக்கையில கெடக்குதேன்னு... பாவமா இருந்துச்சு" என்றார்.

பாவமாக இருந்ததாம். ஒரு வாரமாக நான் ஓட்டின் மேல் ஏறினேன், கடைக்காரரைத் திட்டினேன். இங்கே இரண்டு பேர் அன்பு காட்டியே அதைக் கொன்றுகொண்டிருந்தார்கள். படித்ததையெல்லாம் அவள் முகத்தில் வீசியெறிய வேண்டும் போலிருந்தது. மூன்று வருடம் மனப்பாடம் செய்த ஒரு வார்த்தைகூட அவளுக்குச் சொல்கிற வடிவத்தில் வாய்க்கு வரவில்லை.

அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துப் பாம்பின் முதுகில் வைத்தேன்.

"ஏய், விடுடி!"

"தொட்டுப் பாரு. எப்படி இருக்கு?"

கையை எடுக்கப் பார்த்தாள். நான் விடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே விரலை விரித்தாள். "ஐஸா இருக்கு."

"எப்பவும் இப்படித்தான் இருக்கும்னு நெனைச்சியா? சாயந்தரம் வந்து தொட்டுப் பாரு, ஒன் கை மாதிரி வெதுவெதுன்னு இருக்கும். அதுக்குப் புண்ணு ஆறல. அது பச்ச ஒடம்பும்மா. தம்பி செல்லப்பாண்டி பொறந்தப்ப ஒன்னய எப்படி வச்சிருந்தாக? பச்சத்தண்ணி தொட விட்டாகளா? காத்துப் படாம சன்னல அடைச்சு, சுடுதண்ணியில குளிப்பாட்டி, சாம்பிராணி போட்டு... அந்த நேரத்துல விடியக்காலையில ஒருத்தி வந்து ஒன் தலையில சொம்புத் தண்ணிய ஊத்துனா?"

அம்மா பாம்பின் வாயைப் பார்த்தாள். நுரையைப் பார்த்தாள். அந்த விசில் சத்தத்தைக் காதைச் சாய்த்துக் கேட்டாள்.

"சளி கட்டிருச்சா?"

"ஆமா."

சொம்பைத் தரையில் வைத்தாள். முந்தானையை இழுத்து, நான் எதிர்பார்க்கவேயில்லை, குனிந்து பெட்டியின் தரையைத் துடைக்க ஆரம்பித்தாள். துடைத்துக்கொண்டே அண்ணன் மேல் பாய்ந்தாள். "ஏன்யா, கவர்மெண்டு ஆளுதானே நீ? பச்ச ஒடம்புன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்ட? நான் பாட்டுக்கு ஊத்துறேன், நீ பாட்டுக்கு மூடியத் தூக்கிக்கிட்டு நிக்கிற!"

"யக்கா, நீங்கதான் தொறக்கச் சொன்னீக..."

"சொன்னா? ஒம் புத்தி எங்கன போச்சு?"

என்னிடம் தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. ஆனால் அன்று மண்டிக்குப் போகாமல் மூன்று காய்ந்த சாக்கு கொண்டுவந்தாள்.

அடுத்த இரண்டு வாரம் ஊசி, சூடு, காய்ந்த சாக்கு. மணிக்கொருமுறை இரண்டு பக்கமும் எழுதினேன். ராத்திரிக் கணக்கைக் கருத்தக்கண்ணன் அண்ணனே எழுதினார். அவர் எழுதிய மூன்றும் எட்டும் ஒன்றுபோல இருக்கும். அதற்காகவும் சண்டை போட்டேன். நுரை குறைந்தது. விசில் நின்றது. டிசம்பர் கடைசியில் பாம்பு முதன்முறையாக நாக்கை நீட்டி அறையை ஆராய்ந்தது.

தீனி போடலாம் என்றார் மகிமா மேடம். "ஆனா தின்னதுக்கப்புறம்தான் கவனம். ஒரு நாள் குளுந்தாலும் செரிக்காமக் கக்கிரும். கக்குனா திரும்ப எழுப்புறது கஷ்டம்."

ஜனவரி ஐந்தாம் தேதி அம்மா மண்டியிலிருந்து எலிப்பொறியைக் கையில் தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்குள் நுழைந்தாள். உள்ளே கொழுத்த எலி. ரேஞ்சர் சார் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"மருந்து வைக்காதது. பொறியிலதான் பிடிச்சேன்" என்றாள் அம்மா. "வாழைப்பழம் தின்னு வளந்தது சார். நல்லாருக்கும்."

"எங்கிட்ட ஏம்மா சொல்றீங்க? நானா திங்கப்போறேன்?"

எலியைக் கொன்று வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துத் துடைத்து இடுக்கியில் காட்டினேன். பாம்பு வெகுநேரம் பார்த்தது. பிறகு ஒரே வீச்சு. மூன்று சுற்று. கால் மணி நேரத்தில் வால் மட்டும் வெளியே தொங்கியது. நான் மூச்சு விட்டேன்.

அந்த நிம்மதி ஒரு நாள்கூட நிலைக்கவில்லை. மறுநாள் பேப்பரில் அறிவிப்பு: ஏழாம் தேதி மாதாந்திரப் பராமரிப்பு, காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மின்சாரம் இருக்காது. எட்டு மணி நேரம். ஏழாம் தேதி காலையில் மேகமலை கண்ணுக்கே தெரியவில்லை. வெயிலும் இல்லை.

என்னிடம் ஆறு பாட்டிலும் ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ்வும் இருந்தன. அன்றைக்கென்று சார், "தேவயானி, தேனி மீட்டிங்குக்கு வரணும், பேசுறத எழுதிக்க ஆள் இல்ல" என்றார்.

"வர மாட்டேன் சார். பாம்பு எலியோட கெடக்கு. இன்னைக்கு குளுந்தா கக்கிரும். கக்குனா அத நீங்க ஜீப்புல ஏத்துவீங்க. ஏத்துனா செத்துரும். மீட்டிங்குல இதையே எழுதிக்கிட்டு வாங்க."

அவர் ஃபைலை மூடினார். வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். "தமிழ்ல ஒரு வாக்கியம் மரியாதையாப் பேச வராதா ஒனக்கு?" என்று கேட்டுவிட்டுத் தனியாகக் கிளம்பினார்.

பதினொரு மணிக்கே எனக்குப் புரிந்துவிட்டது, இது ஆகிற காரியமில்லை. துணி சுற்றிய பாட்டில் முக்கால் மணி நேரத்தில் ஆறிவிடுகிறது. தண்ணீர் கொதிப்பதற்குள் பெட்டி இருபத்தேழுக்கு இறங்குகிறது. மூடியைத் திறந்து திறந்து மாற்றினால் இருந்த சூடும் போகிறது. இருபத்தாறு. ஸ்டவ்வில் திரி வேறு புகைகிறது. அதை உதைக்கலாம் என்று காலைத் தூக்கியபோது வாசலில் அம்மா. தலையில் ஒரு பெரிய கட்டு, காய்ந்த வாழைச்சருகு.

"கரண்டு இல்லைன்னு மண்டியில சொன்னாக" என்று கட்டை இறக்கினாள். "துணியச் சுத்துனா எங்குட்டு நிக்கும்? நாங்க தாரப் பழுக்கப் போடுறப்ப சூட்ட எதுல பிடிச்சு வைக்கிறோம்னு நெனைக்கிற?"

"அங்க பொகை போடுவீக. இங்க பொகை ஆகாது."

"பொகை போடச் சொன்னேனாடி? வாய மூடிக்கிட்டு அந்தப் பாட்டிலக் குடு."

பாட்டிலுக்கு நான்கு சுற்றுச் சருகு, நார் வைத்து இறுக்கிக் கட்டினாள். பெட்டியின் வெளிப்புறம் முழுக்கச் சருகைத் திணித்தாள். மூடியின் மேலே இரண்டு விரற்கடை கனத்துக்கு. கண்ணுக்கும் காற்றுக்கும் ஒரு கை அளவு மட்டும் விட்டாள். ஒரு மணி நேரம் கழித்துத் தெர்மாமீட்டரைப் பார்த்தேன். முப்பது. இன்னொரு மணி நேரம். முப்பதேதான். பதிவேட்டில் எழுதினேன். அவள் ஜெயித்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. கடலை உரித்துத் தின்றாள்.

மதியம் மூன்று மணிக்கு நான் முகம் கழுவப் போன இடைவெளியில் அவளாகவே இரண்டு பாட்டில் கூடுதலாக வைத்திருக்கிறாள். திரும்பி வந்தால் வலது பக்கம் முப்பத்தாறு.

"என்னம்மா பண்ணுன? வெந்துபோகும்!"

"நல்லாச் சூடா இருக்கட்டும்னு..."

பதறி மூடியைத் தூக்கப் போனேன். அம்மா என் கையைப் பிடித்தாள். "இரு. இங்கன பாரு."

பாம்பு எழுந்துகொண்டிருந்தது. வயிற்றில் எலி மேடாகத் தெரிய, அவசரமே இல்லாமல், முதலில் தலை, பிறகு கழுத்து, பிறகு பாரமான நடுவுடம்பு என்று இடது கோடிக்கு நகர்ந்தது. அங்கே இருபத்தெட்டு. உடம்பைச் சுருட்டி, தாடையை அதன் மேலேயே வைத்துக்கொண்டு படுத்துவிட்டது.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயில் கை வைத்துக்கொண்டாள். "அடியாத்தீ! அதுக்கே தெரியுதுடி!"

"ஒரு மாசமா நான் இதத்தானே கத்துறேன்."

"நீ கத்துற. காட்டுனியா?"

கூடுதல் பாட்டில்களை எடுத்தேன். ஐந்தேகாலுக்குப் பல்பு எரிந்தது. பாம்பு கக்கவில்லை. மறுநாளும் கக்கவில்லை.

ஆனாலும் செரித்துவிட்டது என்று சொல்ல ஒரே ஒரு அத்தாட்சிதான் உண்டு. அதற்காக நான் தினமும் சாக்கை விரித்து விரித்துப் பார்த்தேன். கருத்தக்கண்ணன் அண்ணன் காலையில் என்னைக் கண்டதும் "இன்னும் இல்லத்தா" என்பார், ஏதோ தபால் வராத மாதிரி. ஒன்பதாம் தேதி இல்லை. பத்து, பதினொன்று இல்லை. பன்னிரண்டாம் தேதி சார் சென்னைக்கு வண்டி கேட்டுக் கடிதம் அடிக்கச் சொன்னார். அடித்தேன். தேதி போடாமல் அவர் மேஜையில் வைத்தேன்.

போகிப் பண்டிகை அன்று காலை, தெருவெல்லாம் பழைய பாய் எரிகிற புகை. சைக்கிளை நிறுத்துவதற்குள் அண்ணன் ஓடிவந்தார். "ஏத்தா! வந்துருச்சுத்தா! ஆறு பத்துக்கு! நானே பாத்தேன்!"

பழுப்பாக ஒரு கட்டி, பக்கத்தில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக ஒன்று, உள்ளே எலி ரோமம். முழுக்கச் செரித்திருந்தது. மூன்று வருடப் படிப்பில் இவ்வளவு அழகான ஒன்றை நான் பார்த்ததில்லை. காகிதத்தில் எடுத்துக்கொண்டு நேராக ரேஞ்சர் சாரின் மேஜைக்குப் போனேன்.

கைக்குட்டையால் மூக்கை மூடினார். "என்ன இது?"

"மலம் சார். மலைப்பாம்போடது."

"அத ஏன் எம் மேஜையில வைக்கிற?"

"நீங்கதான் சார் கேட்டீங்க. தின்னு, தின்னது செரிக்கணும்னு."

அவர் காகிதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். வாசலில் கருத்தக்கண்ணன் அண்ணன் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார், சாட்சிக்கு. அவருக்குப் பின்னால் எங்கள் அம்மா, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, சார் என்ன சொல்லப்போகிறார் என்று பார்த்தபடி. மண்டிக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தாளாம்.

சார் மேஜை இழுப்பறையைத் திறந்து, நான் தேதி போடாமல் வைத்திருந்த கடிதத்தை எடுத்தார். இரண்டாகக் கிழித்தார்.

"இதையுமா பதிவேட்டுல எழுதுவீக?"

"ஆமா சார். நேரம் போட்டு."

"எழுது" என்றார். "எழுதிட்டு மொதல்ல இத இங்கிருந்து எடு. மாசியில வெயில் ஏறட்டும், சுருளிக் காட்டுல விட்டுரலாம். நீயே விடு."

வாசலில் அம்மா, "சார், அதுவரைக்கும் அதுக்கு இன்னொரு எலி வேணுமே" என்றாள்.